ஷாம்பூ பாக்கெட்டுக்குள் கையுறை எதற்கு?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட், தண்ணீர் லாரி என்று எப்போதும் பேசுகிற இந்த ஹாலில், இன்று என்னைத் தலைமுடியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் நம் வாட்ஸ்அப் குழுதான். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. முதல் கேள்வி, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டது. "ஆன்ட்டி, முடியை மெதுவாக வெளுக்க வைக்கிற ஷாம்பூ ஆன்லைனில் கிடைக்கிறது. பிளீச் மாதிரி கெடுதல் இல்லை, ஜென்டில் என்று போட்டிருக்கிறார்கள். நிஜமாகவே வேலை செய்யுமா?" இரண்டாவது கேள்வி, எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு சார் கேட்டது. "மேடம், டை அடித்தால் எனக்கு ஒத்துக்கொள்ளாதோ என்று பயமாக இருக்கிறது. அதனால் முடியைக் கறுப்பாக்குகிற ஷாம்பூ வாங்கலாம் என்று இருக்கிறேன். அது வெறும் ஷாம்பூதானே?"

ஒருவருக்கு முடி வெளுக்க வேண்டும், இன்னொருவருக்குக் கறுக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். தலை குளிக்கிற ஷாம்பூ முடியின் நிறத்தை மாற்றுமா? மாற்றினால் அது மென்மையானதாக இருக்க முடியுமா?

நான் 26 வருடம் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஷாம்பூவையும் சோப்பையும் பரிசோதித்துக்கொண்டிருந்தவள். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன். நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்கிறேன்.

முதலில் முடியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் தலைக்கு வெளியே தெரிகிற முடி உயிரில்லாத பொருள். நகத்தைப் போல. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், வேரில்தான். ஒரு முடியை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் வெளிப்பக்கத்தில் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓர் உறை இருக்கும். அதற்கு உள்ளேதான் முடியின் பெரும்பகுதி. நிறம் இருப்பதும் அந்த உள்பகுதியில்தான்.

அந்த நிறத்தைக் கொடுப்பது மெலனின். அதில் இரண்டு வகை. யூமெலனின் என்பது கறுப்பும் பழுப்பும் தருவது. ஃபியோமெலனின் என்பது சிவப்பும் மஞ்சளும் கலந்த சாயல் தருவது. நமக்கு யூமெலனின் நிறைய. ஐரோப்பியர்களில் பொன்னிற முடி உள்ளவர்களுக்கு மெலனின் மொத்தத்திலேயே குறைவு. வயதாகும்போது வேரில் இருக்கும் நிறச் செல்கள் வேலையை நிறுத்திவிடும். அப்போது முளைக்கிற முடி நிறமில்லாமல் வரும். அதைத்தான் நரை என்கிறோம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். முடியின் நிறத்தை நிஜமாக மாற்ற வேண்டுமானால், ஏதோ ஒன்று அந்தச் செதில் உறையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். உள்ளே இருக்கிற நிறத்தை அழிக்க வேண்டும், அல்லது புதிய நிறத்தை உள்ளே வைக்க வேண்டும். மூன்றாவது வழி, வெளியே மேலாக ஒரு பூச்சு பூசுவது. அது நாலைந்து குளியலில் போய்விடும்.

ஷாம்பூவின் வேலை இதில் எதுவும் இல்லை. எண்ணெய், வியர்வை, தூசி ஆகியவற்றை நுரையில் பிடித்துத் தண்ணீரோடு வெளியேற்றுவதுதான் அதன் வேலை. தலையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம்? ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். பிறகு கழுவிவிடுகிறோம். அதில் என்ன மூலிகை கலந்திருந்தாலும் அதில் பெரும்பகுதி தண்ணீரோடு சாக்கடைக்குத்தான் போகிறது.

இப்போது அந்தக் கல்லூரிப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். முடியை வெளுக்க வைக்கும் ஷாம்பூ முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தையாக இருக்கும்போது பொன்னிற முடியோடு இருக்கிறவர்கள் பலருக்கு, வளர வளர முடி பழுப்பாகிவிடும். பழைய பொன்னிறம் திரும்ப வேண்டும், ஆனால் பிளீச் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்காக வந்தவை இவை. அவற்றில் பொதுவாக நான்கு விதமான பொருட்கள் இருக்கும்.

ஒன்று, சாமந்திக்கு உறவான கேமமைல் பூவின் சாறு. அதில் அபிஜெனின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. ஏற்கெனவே வெளிர் நிறத்தில் இருக்கும் முடியின் மேல் அது லேசாக ஒட்டினால் தங்க நிறச் சாயல் தெரியும். முடி வெளுக்கவில்லை, மஞ்சள் பூசியிருக்கிறது, அவ்வளவுதான். கறுப்பு முடியில் அது தெரியவே தெரியாது. கறுப்புப் புடவையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி.

இரண்டு, எலுமிச்சை. எலுமிச்சைச் சாறு தேய்த்து மணிக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்தால் வெளிர் முடி இன்னும் கொஞ்சம் வெளுக்கும். அதில் பெரிய வேலை செய்வது வெயில்தான். வெயிலின் புற ஊதாக் கதிருக்கு மெலனினைச் சிதைக்கும் சக்தி உண்டு. வயல் வேலை செய்கிறவர்களின் முடிநுனி செம்பட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளியலறையில் இரண்டு நிமிடம் போடும் ஷாம்பூவில் எலுமிச்சை இருந்து பயன் இல்லை.

மூன்று, ஊதா நிறச் சாயம். இதை வெளுக்கிற ஷாம்பூ என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். இது வெளுப்பதில்லை. மஞ்சளை மறைக்கிறது. நம் அம்மாக்கள் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவார்களே, அதே தத்துவம்தான். மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலமும் ஊதாவும். வேட்டி வெளுக்காது, வெளுத்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். இந்த ஊதா ஷாம்பூ நம்மில் சிலருக்கு உண்மையிலேயே பயன்படும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவப் பயன்படுத்துகிறார்களே, அதே மருந்து. 1818-ல் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தது. மெலனினை நிஜமாகவே அழிக்கக்கூடிய பொருள் இந்த நான்கில் இது ஒன்றுதான். அழகு நிலையத்தில் 3, 6, 9, 12 சதவீதம் என்று பல அளவில் வைத்திருப்பார்கள். அதோடு காரத்தன்மையுள்ள ஒரு பொருளைச் சேர்த்து, அரை மணி நேரம் தலையில் வைத்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். இதை லேசான அளவில் ஷாம்பூவில் கலந்து இரண்டு நிமிடத்தில் கழுவினால் வேலை செய்ய நேரம் போதாது. தலையிலேயே விட்டுவிடுகிற ஸ்பிரே வகைகள் வேலை செய்யும். ஆனால் அப்போது அது பிளீச்தான். பெயர் மட்டும்தான் மென்மை. மெலனினை உடைக்கிற அதே பெராக்சைடு முடியின் புரதத்தையும் கொஞ்சம் உடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து முறை போட்டால் பத்து முறையும் உடைக்கும்.

இதில் நம் முடிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கறுப்பு முடி நேராகப் பொன்னிறத்துக்குப் போகாது. முதலில் செம்பழுப்பு, பிறகு ஆரஞ்சு, அதற்குப் பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் போகும். அரைகுறையாக வெளுக்கிற பொருளைப் போட்டால் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடும். பெட்டியின் மேல் இருக்கும் படம் வேறு, கண்ணாடியில் தெரிகிற தலை வேறு.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். மென்மையானது என்றால் உன் முடியில் ஒன்றும் செய்யாது. ஏதாவது செய்தால் அது மென்மையானது அல்ல. நிற மாற்றம் கட்டாயம் வேண்டுமானால் தெரிந்தவர் கையால், முதலில் ஒரு சிறு கற்றையில் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்துகொள்ளம்மா. ஆன்லைனில் வரும் ஷாம்பூவுக்குக் கொடுக்கிற பணம் வீண்.

இந்தக் கேள்வியில் அதிகபட்ச நஷ்டம் பணமும் முடியும்தான். அந்த சார் கேட்ட இரண்டாவது கேள்வி அப்படி இல்லை. அதனால்தான் இன்று இங்கே வந்து பேசவே ஒப்புக்கொண்டேன்.

முடியைக் கறுப்பாக்கும் ஷாம்பூ வேலை செய்யுமா? செய்யும். நன்றாகவே செய்யும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நரை முழுவதும் கறுத்துவிடும். ஆனால் அப்படி ஒரு ஷாம்பூவால் எப்படி முடிகிறது என்று நாம் கேட்பதில்லை.

அடுத்த முறை அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பகுதியாக இருக்கும், இரண்டையும் கலக்கச் சொல்வார்கள். கூடவே ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை இருக்கும். குளிக்கிற ஷாம்பூவுக்குக் கையுறை எதற்கு? குழந்தைக்கு ஷாம்பூ போடும்போது நாம் கையுறை மாட்டிக்கொள்கிறோமா? அந்தக் கையுறையே சொல்லிவிடுகிறது, இது ஷாம்பூ இல்லை, டை என்று.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு பகுதியில் பாரா ஃபெனிலின் டையமைன் என்ற பொருளோ அதற்கு நெருங்கிய உறவான பொருளோ இருக்கும். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். கூடவே செதில் உறையைத் திறக்க ஒரு காரப் பொருள் இருக்கும். இன்னொரு பகுதியில் நாம் முன்பு பார்த்த அதே ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். பி.பி.டி. மிகச் சிறிய மூலக்கூறு. அதற்குத் தனியாக நிறமும் இல்லை. அது முடிக்குள் சுலபமாக நுழைந்துவிடும். உள்ளே பெராக்சைடோடு சேர்ந்ததும் ஒன்றோடொன்று இணைந்து பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறிவிடும். சின்னக் கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே போய், உள்ளே எல்லோரும் கைகோத்து நின்றுவிட்டால் அதே கதவு வழியாக வெளியே வர முடியாது இல்லையா? அதனால்தான் எத்தனை முறை குளித்தாலும் அந்த நிறம் போவதில்லை.

கடையில் பெட்டியில் விற்கிற டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம், இதில் நுரை வரும் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். பிரஷ் வேண்டாம், கிண்ணம் வேண்டாம். வசதி கூடியிருக்கிறது. வேதியியல் மாறவில்லை.

இதில் நாம் ஏமாறுவதற்கு ஒரு காரணம் அந்தச் சின்னப் பாக்கெட்தான் என்று நினைக்கிறேன். சாஷே ஷாம்பூவைப் பரவலாக்கியதில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னி கிருஷ்ணன் அவர்களின் யோசனையில் வந்த வெல்வெட் பாக்கெட், அவருடைய மகன் 1983-ல் தொடங்கிய சிக் எல்லாம் பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சாஷே என்றால் ஷாம்பூ, ஷாம்பூ என்றால் பயமில்லை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. இப்போது டையும் அதே அளவுப் பாக்கெட்டில், அதே கடையில், ஷாம்பூவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கை யோசிக்காமல் எடுத்துவிடுகிறது.

என் கையும் அப்படித்தான் எடுத்தது. அதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் வருடக்கணக்கில் டை அடித்துக்கொண்டிருந்தவர். ஒன்றும் ஆனதில்லை. நாத்தனார் மகள் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை வைத்திருந்தார்கள். இவர் தாய்மாமன். புதன்கிழமை இரவு வெளியூரில் உறவினர் வீட்டில் இருந்தோம். வழக்கமான டை கொண்டுவர மறந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கறுப்பாக்கும் ஷாம்பூ பாக்கெட் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தது நான்தான். "உள்ளே ஏதோ தாள் இருக்கிறதே, படிக்கணுமா?" என்று கேட்டார். "ஷாம்பூதானே, போட்டுக் குளிச்சிட்டு வாங்க" என்று சொன்னது நான். 26 வருடம் ஷாம்பூவைப் பரிசோதித்தவள் சொன்ன வார்த்தை அது.

வியாழக்கிழமை மதியம் காதோரம் அரிப்பு என்றார். இரவு நெற்றி சிவந்து தடித்தது. வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை. முகம் முழுவதும் வீங்கி, தலையில் நீர்க்கொப்புளம். மண்டபத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம். தாய்மாமன் சீரை அவருடைய தம்பி செய்தார். கல்யாண ஆல்பத்தில் எங்கள் இரண்டு பேரையும் தேடினாலும் கிடைக்காது. வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. தோல் உரிந்து சரியாக இன்னும் மூன்று வாரம். நாத்தனார் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "டை அடித்தீர்களா?" என்பது. இவர், "இல்லை டாக்டர், ஷாம்பூதான் போட்டேன்" என்றார். பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். எழுத்து அவ்வளவு சின்னது. ஆனால் எல்லாம் எழுதித்தான் இருந்தது.

"இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்று நானும் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அலர்ஜி என்பது முதல் முறையே வர வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு முறை பி.பி.டி. தோலில் படும்போதும் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் கண்டு பழகுகிறது. ஒரு நாள் அதை எதிரி என்று முடிவு செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எதிர்வினை வரும், பெரும்பாலும் முன்பைவிடக் கடுமையாக வரும். அந்த முடிவை மாற்ற மருந்து கிடையாது. ஆகவே "நான் பத்து வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பது பாதுகாப்பு இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கதையும் இல்லை. அமெரிக்காவின் தொடு தோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் வருடத்துக்கு ஒரு பொருளை அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருள் என்று அறிவிக்கும். 2006-ல் அவர்கள் அறிவித்தது இந்த பி.பி.டி.யைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும்போது அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்றும் பெட்டியில் போட வேண்டும். நம் நாட்டு விதிகளும் சும்மா இல்லை. இப்படிப்பட்ட டைகளில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும், முன்கூட்டியே தோலில் சோதித்துப் பார்க்கும் முறையை விளக்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வையே போகலாம் என்று சொல்ல வேண்டும். சட்டம் எழுத வைத்திருக்கிறது. படிக்க வேண்டியது நாம்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் சில வார்த்தைகள் பெரிதாக இருக்கும். அவற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

"அம்மோனியா இல்லை" என்பது முதலாவது. உண்மையாக இருக்கலாம். அம்மோனியாவின் வேலை செதில் உறையைத் திறப்பது. அதற்குப் பதிலாக வாசனை குறைவான வேறு காரப் பொருளைப் போடுவார்கள். மூக்குக்கு நல்லது. ஆனால் அலர்ஜி தருவது அம்மோனியா இல்லை, பி.பி.டி. அது உள்ளேயே இருக்கும்.

"மூலிகை" என்பது இரண்டாவது. கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், கற்றாழைப் படங்கள் அழகாக இருக்கும். உள்ளே அவற்றின் சாறும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் 10 நிமிடத்தில் நரையைக் கறுப்பாக்கியது கரிசலாங்கண்ணி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"கறுப்பு மருதாணி" என்பது மூன்றாவது. மருதாணியின் இயற்கை நிறம் ஆரஞ்சும் சிவப்பும்தான். அதில் உள்ள லாசோன் என்ற பொருள் தருவது அந்த நிறத்தை மட்டுமே. கறுப்பாக ஒரு மருதாணி உடனே பிடிக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பல நேரம் அது பி.பி.டி. கண்காட்சியிலும் கடற்கரையிலும் குழந்தைகள் கையில் கறுப்பு டாட்டூ வரைகிறார்களே, அதிலும் இது இருக்கலாம். சின்ன வயதில் அப்படித் தோலில் பட்ட குழந்தைக்கு, பிற்காலத்தில் முதல் முறை டை அடிக்கும்போதே கடுமையான எதிர்வினை வரக்கூடும். பேரக்குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

"புற்றுநோய் வருமா?" என்றும் சிலர் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, நாம் நமக்காக டை அடிப்பதில் அந்த ஆபத்து உண்டு என்றோ இல்லை என்றோ வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. தினமும் பலருக்கு அடிக்கிற முடிதிருத்தும் தொழிலாளர்களுக்குத்தான் ஆபத்துக்கு வாய்ப்பு உண்டு என்று வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் கவலையை முதலில் அலர்ஜியின் பக்கம் வையுங்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? டை அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் விருப்பம். அடிப்பதானால் இதைச் செய்யுங்கள்.

முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பாரா ஃபெனிலின் டையமைன், டொலுவீன் டையமைன் என்ற இரண்டு பெயரில் எது இருந்தாலும் அது டைதான். முன்பக்கத்தில் ஷாம்பூ என்று எழுதியிருந்தாலும் சரி.

அடுத்து, தோலில் சோதித்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த இடத்தில், உள்ளே இருக்கும் தாளில் சொன்ன முறைப்படி ஒரு சொட்டுத் தடவிக் காய விடுங்கள். நம் விதிகளில் 24 மணி நேரம் என்று இருக்கிறது. எதிர்வினை தாமதமாகவும் வரும் என்பதால் 48 மணி நேரம் பார்ப்பது நல்லது. அரிப்போ சிவப்போ தடிப்போ வந்தால் அதைத் தலையில் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும், போன மாதம் சரியாக இருந்தது என்று விட்டுவிடக் கூடாது. ஒன்றும் வரவில்லை என்பதும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அன்று நடந்தது போன்ற பல சம்பவங்களை இந்த ஒரு சொட்டு தடுத்திருக்கும். கல்யாணமோ வெளியூர்ப் பயணமோ இருந்தால் அதற்கு முந்தின நாள் புதிதாக எதையும் தலையில் போடாதீர்கள்.

தலையில் புண், பொடுகுச் சிவப்பு, நகக்கீறல் இருந்தால் ஆறும் வரை போடாதீர்கள். கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். சொன்ன நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மீசைக்கும் தாடிக்கும் இதைப் போடுகிறவர்கள் உண்டு. முகத்தோல் மெல்லியது, அங்கே எதிர்வினை சீக்கிரம் தெரியும். பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி குளியலறையில் வைக்காதீர்கள். விழுங்கினால் தொண்டை வீங்கும், சிறுநீரகம் பாதிக்கும். அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

போட்ட பிறகு எரிச்சலோ அரிப்போ வந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது பாக்கெட்டை எடுத்துப் போங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு வாங்கினால், காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் அதைச் சொல்லுங்கள். சில மரத்துப்போகும் மருந்துகளும் சல்ஃபா மருந்துகளும் சிலருக்கு இதோடு சேர்ந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பி.பி.டி. வேண்டாம் என்பவர்களுக்கு வழி உண்டா? உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். கலப்பில்லாத மருதாணிப் பொடியை முதலில் போட்டு, அலசி, அதற்கு மேல் அவுரி இலைப் பொடியைப் போட்டால் கறுப்பு வரும். அவுரி என்பது நீலச்சாயம் எடுக்கிற அதே செடி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. போட்ட அன்று பச்சையும் நீலமுமாகத் தெரிந்து, மறுநாள்தான் நிறம் முழுதாகக் கூடும். பாதி நாள் வேலை, குளியலறை முழுவதும் கறை. வாங்கும்போது இதிலும் பின்பக்கத்தைப் படித்து, இலைப் பொடியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் இதையும் கையில் தடவிச் சோதித்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் சில மாதம் இப்படிச் செய்தோம்.

நரையை அப்படியே விட்டுவிடுவது இன்னொரு வழி. இப்போது என் வீட்டுக்காரர் அப்படித்தான் இருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி விட்டவர்களுக்கு நம் குடியிருப்பில் ஒரு குறை வரும். போர் தண்ணீரில் இருக்கும் இரும்பாலும் வெயிலாலும் வெள்ளை முடி மஞ்சள் பூத்துப்போகும். அவர்களுக்குத்தான் நான் முன்பு சொன்ன ஊதா ஷாம்பூ. பொன்னிற முடிக்காரர்களுக்காக வந்தது, நம் வெள்ளை முடிக்குச் சரியாகப் பொருந்தும். பத்து நாளைக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் போதும். சொட்டு நீலம் அதிகமானால் வேட்டி நீலம் பூப்பது போல, அடிக்கடி போட்டால் முடியும் ஊதா பூக்கும். அதுவும் அடுத்தடுத்த குளியலில் போய்விடும்.

கேள்வி கேட்ட அந்த சார் அன்று மாலையே என் வீட்டுக்குப் பாக்கெட்டோடு வந்தார். பின்பக்கத்தை இரண்டு பேருமாகப் படித்தோம். பி.பி.டி. இருந்தது. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து அனுப்பினேன். மறுநாள் இரவு போன் செய்தார், "மேடம், அந்த இடம் சிவந்து அரிக்கிறது" என்று. தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டார். அந்தச் சிவப்பு முகம் முழுக்க வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும்.

உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு பாக்கெட் இருந்தால், இன்று போனதும் அதைத் திருப்பிப் படியுங்கள். எழுத்துத் தெரியவில்லை என்றால் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.